கணு இல்லாத காம்பு

முந்நூற்றுப் பன்னிரண்டு தக்காளி.
அத்தியூத்து தாண்டி, காற்றாலை நிழல்
விடாமல் அறுத்துக்கொண்டே இருக்கும் செவக்காட்டில்
ஆளுக்கொரு தகட்டு நம்பரோடு நட்டிருந்தேன்.
பெருவிலிருந்து வந்தது சுண்டைக்காய் பருமன்.
இத்தாலிக்காரிக்கு இடுப்பு உண்டு.
நூற்று நாற்பத்தொன்று
பழுத்த பிறகும் பச்சைத் தோளை
இறக்கிவைக்க மாட்டேன் என்கிறது.

இலையில் பொட்டளவு வட்டம் வெட்டி
ஐஸ்பெட்டியில் அடுக்கி
பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன்.
நாலே எழுத்தாய்த் திரும்பி வந்தன.
உயிரும் இல்லை, மெய்யும் இல்லை,
ஆய்தம்கூட இல்லாத
அப்படியொரு நெடுங்கணக்கு.
இதே இடத்தில் இவளுக்கு ஏ, அவளுக்கு ஜி.
அந்த ஓரெழுத்து மாற்றம்
தோலின் தடிமனையோ புளிப்பையோ
வாடலைத் தாங்கும் வேரையோ
தொட்டுக்கொண்டு நிற்கிறதா,
இல்லை, மாப்பிள்ளை வீட்டு வேனில்
சும்மா ஏறிவந்த ஆளா
என்று விசாரிப்பதுதான் என் உத்தியோகம்.
பதினெட்டுக் குணத்துக்குக் கட்டம் போட்டிருந்தேன்.

உச்சிமாகாளி பறிக்க வந்தவள்.
பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி.
ஒரு பாரில் அவள் கை ஓடும்,
அடுத்த பாரில் இடறும்.
மூன்றாம் நாள் கேட்டேன்.

"இது நெட்டோட வருதும்மா.
கிள்ளி எறியாம போட்டா
பக்கத்துப் பழத்தக் குத்திரும்.
பாவூர்சத்திரம் போறதுக்குள்ள
பாதி ஒழுகிரும்லா.
அன்னா நிக்கே, தொண்ணூத்தேழு,
அது நல்ல பிள்ள.
தொட்டா கையில விழுந்துரும்."

குனிந்து பார்த்தேன்.
மற்ற செடிகளில் காம்பின் நடுவே
முட்டிபோல ஒரு கணு.
அங்கே ஒடிந்து மீதி பழத்தோடு வருகிறது,
நகத்தளவு ஆணி.
தொண்ணூற்றேழுக்குக் கணுவே இல்லை.
என் பதினெட்டுக் கட்டத்தில் இந்தக் குணமும் இல்லை.

கமிஷன்கடை மைதீன்பிச்சை
ரசீதிலிருந்து தலை எடுக்கவில்லை.
"குத்துன பழமா? ரெண்டாம் ரகம்."
அன்றைக்கு முதல் ரகமே பெட்டி எண்பது.

பத்தொன்பதாவது கட்டம் வரைந்தேன்.
நெட்டு வந்தால் ஒன்று, வராவிட்டால் சைபர்.
அவள் ஒரு நாள், நான் ஒரு நாள்,
ஒருத்தி எழுதியதை ஒருத்தி பாராமல்.
வாரம் கழித்து மறுபடியும்.
அவள் தன் பழைய கணக்கோடு
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஒத்துப்போனாள்.
நான் எண்பத்தொன்று.

ஆவணிக் கடைசியில், கரண்ட் வந்த ஒரு ராத்திரி,
திரையில் புள்ளிகள் விழுந்தன.
பன்னிரண்டு குரோமோசோமும்
பன்னிரண்டு வயலாகக் கிடக்க
எங்கும் கணுக்கால் உயரப் புல்.
கடைசி வயலில் மட்டும்
ஒற்றைப் பனை.
பனைதான் காரணம் என்று சொல்லவில்லை.
அதன் தூரில் எங்கோ தண்ணீர் இருக்கிறது,
அவ்வளவுதான் சொல்ல முடியும்.

விடிந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்.
அவள் இருநூற்று மூன்றின் முன்னால்
இடுப்பில் கைவைத்து நின்றாள்.
"நீங்க சொல்லுத எழுத்து இதுலயும் இருக்கா?"
இருக்கு.
"நெட்டுல கணுவும் இல்ல, சரி.
பொறவு ஏன் கிளைக்குமேல கிளையாப்
பூவாவே விட்டுத் தள்ளுது?
ஒரு காய் நிக்கலியே."

மஞ்சள் துடைப்பம்போல ஒரு கொத்து.
எண்ணினேன், அறுபத்துநாலு பூ.
உள்ளே வேறெங்கோ இன்னோர் எழுத்து,
இதோடு ஒரே வீட்டில்
குடியிருக்கக் கூடாத ஒன்று.
என் பனை அதைப் பற்றி
ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.
அடுத்த பருவம், மறுபடி நாற்று,
மறுபடி ஐஸ்பெட்டி.

"அப்புறம்மா,
ஒண்ணு சைபர் போட்ட ரெண்டு நாளும்
எனக்குப் பெட்டி நெறையல.
அதுக்குத் தனியா உண்டா?"

திட்டத்தின் செலவுத் தலைப்புகளைப் புரட்டினேன்.
ரசாயனம். பயணம். உரம். கருவி.
பெருவிரலுக்குத் தலைப்பு இல்லை.
அளவைக் கருவி, ஒன்று, என்று எழுதி
கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நேற்றுக் கணக்குப்பிரிவிலிருந்து கடிதம்:
மேற்படி கருவிக்கு
வாரண்டி எத்தனை வருடம்?